சீமாட்டிக்கு என்ன அளவு?

எங்கள் தெருவில் ஒரு விஷயம் ரொட்டிக் கடை வாசலைத் தாண்டிவிட்டால், அதற்குப் பிறகு அது ரகசியமே இல்லை.

லாயத்துச் சித்தி தன் குதிரைகளில் ஒன்றை அனுப்பிவிடப் போகிறார் என்ற விஷயம் காலை ஏழு மணிக்கு ரொட்டிக் கடைக்கு வந்து சேர்ந்தது. ஏழேகாலுக்குத் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எட்டு மணிக்குத்தான் சுண்டுவுக்குத் தெரிந்தது. சம்பந்தப்பட்டவர்களுக்குக் கடைசியாகத் தெரிவதுதான் எங்கள் தெருவின் வழக்கம்.

சுண்டுவுக்கு வயது பதினொன்று. ஆள் சுண்டுவிரல் போல இருப்பாள் என்பதால் அந்தப் பெயர். லாயம் நடத்துகிற சித்தி அவளுடைய அம்மாவின் தங்கை. பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் சுண்டு கிளம்புவாள். கால் என்னவோ லாயத்துக்குத்தான் போகும்.

அனுப்பப்படவிருந்த குதிரையின் பெயர் சீமாட்டி. செம்பழுப்பு நிறம், வெள்ளை மூக்கு, பதினான்கு வயது. பெயருக்கு ஏற்ற நடத்தை. வாளித் தண்ணீரில் ஒரு துரும்பு மிதந்தால்கூடக் குடிக்க மாட்டாள். யாராவது கனமாக ஏறி உட்கார்ந்தால் பெருமூச்சு விடுவாள், அதுவும் அவர்கள் காதில் விழும்படி. சுண்டு ஏறினால் மட்டும் இரண்டு காதையும் முன்னால் நீட்டிக்கொண்டு சொன்ன பேச்சைக் கேட்பாள்.

சீமாட்டியிடம் இருந்த குறை அவளுடைய முன்னங்கால் குளம்புதான். பிஸ்கட் மாதிரி உதிர்கிற குளம்பு. லாடம் அடித்தால் ஆணி நிற்காது. லாடம் இல்லாமல் கல்லில் நடந்தால் அடிக்குளம்பு வலித்து நொண்டுவாள். எங்கள் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கல். சித்தியின் குதிரைகளுக்கு வேலையே ஆட்களை மலைப்பாதையில் ஏற்றிக்கொண்டு போவதுதான்.

போன வருடம் நாற்பது கிலோமீட்டர் நெடுஞ்சவாரியில் சுண்டுவும் சீமாட்டியும் கலந்துகொண்டார்கள். இது முந்திக்கொண்டு ஓடுகிற பந்தயம் இல்லை. குறித்த நேரத்துக்குள் முழுத் தூரமும் போய்விட்டு, குதிரையை நல்லபடியாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். குதிரை நன்றாக இருக்கிறதா என்று கால்நடை டாக்டரம்மா சோதித்துப் பார்த்துச் சீட்டு கொடுப்பார். சீமாட்டி பாதி வழியில் நொண்டி நின்றுவிட்டாள். சீட்டு கிடைக்கவில்லை.

அதனால்தான் சித்தி இந்த முடிவுக்கு வந்திருந்தார். ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு புல்வெளிப் பண்ணை. அங்கே சீமாட்டியை வைத்துக்கொள்ளத் தயாராக ஒருவர் இருந்தார்.

"அவ வலியோட நடக்கறத என்னால பாக்க முடியல சுண்டு," என்றார் சித்தி. "அங்க புல்லு மட்டும்தான். ஒரு கல்லுகூடக் கிடையாது."

சித்தி கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் சுண்டுவுக்கு வசதியாக இருந்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம். சித்தி நல்லவர். மூக்கை வேறு உறிஞ்சிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

சுண்டு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள்.

"கல்லு குத்துது, அவ்வளவுதானே சித்தி? நமக்குக் குத்தினா நாம செருப்பு போட்டுக்கறோம். அவளுக்குப் போட்டா என்ன?"

சித்தி சிரித்துவிட்டார். ஆனால் அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்தது. சுண்டுவின் மாமா எங்கள் தெரு முனையில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். அவர் கடையில் கிடந்த ஒரு தடித்த விலைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குதிரை பூட்ஸ் படம் போட்டிருந்தது. கறுப்பு ரப்பரில் குட்டி வாளி மாதிரி ஒன்று. குளம்பை அதற்குள் நுழைத்துப் பட்டையை இழுத்து மாட்ட வேண்டும். சவாரி முடிந்ததும் கழற்றிவிடலாம். ஆணியே வேண்டாம்.

சித்தி படத்தை இரண்டு முறை பார்த்தார். பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். இந்த வருட நெடுஞ்சவாரியைச் சீமாட்டி நொண்டாமல் முடித்து, டாக்டரம்மாவிடம் சீட்டு வாங்கிவிட்டால் இங்கேயே இருப்பாள். இல்லையென்றால், அன்றைக்கே புல்வெளிக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகு அழக் கூடாது. சுண்டு அழ மாட்டேன் என்றாள். சித்தி தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அளவெடுத்துக் கொடுத்தது சித்தி. வரவழைத்தது மாமா. தப்பு நடந்ததும் அங்கேதான்.

மாமாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் யாரும் இதுவரை சரியான அளவுச் செருப்பில் நடந்ததே இல்லை. எந்தப் பிள்ளை கடைக்கு வந்தாலும் மாமா காலை அளப்பார், "வளர்ற பிள்ளை" என்பார், அடுத்த அளவை எடுத்துக் கொடுப்பார். முன்பக்கம் காகிதத்தைத் திணித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். காலுக்குச் சரியாக வருகிற நாளில் செருப்பு கிழிந்திருக்கும். தெருவே இதைச் சிக்கனம் என்று பாராட்டியது.

பூட்ஸ் வந்த ஞாயிற்றுக்கிழமை லாய வாசலில் நல்ல கூட்டம். எல்லாரும் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவர்கள்தாம். ஒருவர் தற்செயலாக நாற்காலியையும் கொண்டு வந்திருந்தார்.

லாடக்காரரும் வந்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் இருக்கிற குதிரைகளுக்கெல்லாம் லாடம் அடிப்பவர் அவர். கை இரும்பு மாதிரி, பேச்சும் அப்படித்தான்.

"குதிரைக்குச் செருப்பா?" என்றார். "சரி, அடுத்து என்ன பாப்பா? சாக்ஸா? மூக்குக்கண்ணாடியா?"

சீமாட்டியின் முன்னங்கால்கள் இரண்டிலும் பூட்ஸை மாட்டினார்கள். அவள் கீழே பார்த்தாள். முதல் அடியில் காலை வயிறு வரைக்கும் தூக்கினாள். சகதியில் பாவாடையைத் தூக்கிப் பிடித்து நடக்கிற மாதிரி நான்கு அடி நடந்தாள். கூட்டம் சிரித்தது. ஐந்தாவது அடியில் வலது பூட்ஸ் முன்பின்னாகத் திரும்பிக்கொண்டது. சீமாட்டிக்குக் கோபம் வந்து மற்ற காலை உதறினாள். இடது பூட்ஸ் பறந்து போய், எதிரே ரொட்டிக் கடை வாசலில் ரொட்டி ஆறவைத்திருந்த தட்டில் விழுந்தது. அன்று மாலை வரைக்கும் அந்தக் கடையில் ஒரு ரொட்டி மட்டும் குளம்பு வடிவத்தில் விற்பனைக்கு இருந்தது.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. லாடக்காரர் நாற்காலிக்காரரின் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தார். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. போதும், அவளைக் கட்டிப் போடலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

பூட்ஸை எடுக்கச் சுண்டு ஓடினாள். பாதி வழியில் அவளுடைய இடது செருப்பு கழன்று பின்னால் போய் விழுந்தது. அது வழக்கமாக நடப்பதுதான். ஆனால் அன்றைக்கு அவள் நடுத்தெருவில் ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டாள். கையில் பூட்ஸ். தரையில் செருப்பு. செருப்பிலிருந்து காகிதம் எட்டிப் பார்த்தது. அவள் அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நேராக மாமாவிடம் போனாள்.

"மாமா, எந்த அளவு கேட்டு வரவழைச்சீங்க?"

மாமா தலையைச் சொறிந்தார். சித்தி கொடுத்த அளவுக்கு அடுத்த அளவு என்றார். வளர்கிற பிள்ளை அல்லவா?

"அவளுக்குப் பதினாலு வயசு மாமா."

"பதினாலுன்னா வளர்ற வயசுதானே?"

"மனுஷங்களுக்கு. குதிரைக்குப் பதினாலுன்னா உங்க வயசு."

அதன் பிறகு மாமா வளர்ச்சியைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் லாடக்காரர் விடவில்லை. உடம்பு வளராவிட்டாலும் குளம்பு வளரும், நகம் மாதிரி, அதனால்தானே ஐந்து வாரத்துக்கு ஒரு முறை நான் வந்து சீவிவிடுகிறேன் என்றார். சுண்டுவை மடக்குவதற்காகத்தான் சொன்னார். சுண்டுவோ பிடித்துக்கொண்டாள்.

"அப்ப சித்தி அளந்தது எப்போ? சீவறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

சித்தி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சீவுவதற்கு முதல் நாள் அளந்திருக்கிறார். ஐந்து வார வளர்ச்சியோடு அளந்த அளவு. அதற்கு மேல் மாமாவின் ஓர் அளவு. பூட்ஸ் பறக்காமல் என்ன செய்யும்?

அடுத்த முறை லாடக்காரர் குளம்பு சீவ வந்தபோது, சுண்டு மூலைத் தையல்கடையில் இரவல் வாங்கிய டேப்போடு பக்கத்திலேயே நின்றாள். அரத்தால் ராவிய தூள் தரையில் விழுந்து அடங்குவதற்குள் அளந்துவிட்டாள். குறுக்கே அகலமான இடத்தில் ஓர் அளவு, நுனியிலிருந்து குதிகால் வரை ஓர் அளவு, மில்லிமீட்டர் கணக்கில். இடது குளம்பைவிட வலது மூன்று மில்லிமீட்டர் பெரிது. அதையும் குறித்துக்கொண்டாள்.

மாமா பழைய பூட்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டுப் புதிதாக வரவழைத்தார். கேட்ட அளவு, கேட்டபடி. அடுத்த அளவை எழுதிவிடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டதாக அவரே பிறகு சொன்னார். செய்த தப்புக்கு ஈடாக வலது கால் அளவில் இன்னொரு பூட்ஸும் சேர்த்துக் கொடுத்தார், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று.

இந்த முறை பூட்ஸ் திரும்பவில்லை, பறக்கவில்லை. தற்செயலாக வந்த கூட்டத்துக்குப் பெரிய ஏமாற்றம்.

முதல் நாள் பத்தே நிமிடம் நடக்கவைத்தாள் சுண்டு. மறுநாள் இருபது. அப்புறம் அரை மணி. புதுச் செருப்போடு யாரும் நாற்பது கிலோமீட்டர் நடக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் கழற்றி, உள்ளே போன மணலைத் தட்டி, குதிகாலை விரலால் தடவிப் பார்ப்பாள். ஆறாம் நாள் ஓரிடத்தில் ரோமம் கலைந்திருந்தது. பட்டை உரசுகிறது. சித்தியின் பழைய கம்பளிக் காலுறையை வெட்டி உள்ளே சுற்றினாள். உரசல் நின்றுவிட்டது. தான் கேலியாகச் சொன்ன சாக்ஸ் உண்மையாகவே காலில் ஏறிவிட்டதில் லாடக்காரருக்குத்தான் வருத்தம்.

சவாரிக்குப் பத்து நாள் இருந்தபோது சித்தி சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். சீமாட்டியைக் குளிப்பாட்டிய தண்ணீர்தான். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

இது சாதாரண விஷயம் இல்லை. பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்கள் நெடுஞ்சவாரியில் தனியாகப் போக முடியாது. பெரியவர் ஒருவர் கூடவே போய்க் கூடவே வர வேண்டும். அந்தப் பெரியவரின் குதிரை நின்றுவிட்டால் பிள்ளையின் சவாரியும் அங்கேயே முடிந்தது. சுண்டுவோடு போகவிருந்தவர் சித்திதான்.

எங்கள் தெருவில் சவாரிக்குப் போகிற பெரியவர் இன்னும் ஒரே ஒருவர்தான் இருந்தார். சுண்டு தலையைக் குனிந்துகொண்டு லாடக்காரரின் பட்டறைக்குப் போனாள்.

அவர் சுத்தியலைக் கீழே வைக்காமலே கேட்டார். பிறகு சொன்னார்: "வர்றேன். ஆனா ஒண்ணு. உன் பூட்ஸ் எங்கயாவது கழண்டு விழுந்தா நான் இறங்கித் தேட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

சுண்டு சரி என்றாள். வேறு யாரிடம் போவது?

சவாரி நாளன்று காலை ஆறு மணிக்கு முப்பத்தொரு குதிரைகள் புறப்பட்டன. மதியம் ஒரு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். லாடக்காரரின் குதிரைக்குப் புல்டோசர் என்று பெயர். உடம்பு ஒன்றும் பெரிதில்லை, பிடிவாதம்தான் பெரிது. மூடிய கதவைக் கண்டால் திறக்கும்வரை காத்திருக்கிற வழக்கம் அவனிடம் இல்லை.

முதல் பதினைந்து கிலோமீட்டர் மண்பாதை. சிரமமில்லை. வழியில் நடந்த முதல் சோதனையில் டாக்டரம்மா பூட்ஸைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், போகலாம் என்று கையைக் காட்டினார்.

அடுத்து ஓர் ஓடை. தண்ணீர் முழங்கால் அளவுதான், ஆனால் அடியில் முழுக்கச் சகதி. மனிதர்களின் செருப்பையே பிடுங்கிவைத்துக்கொள்கிற சகதி. லாடக்காரர் முதலில் கடந்து, அக்கரையில் குதிரையைத் திருப்பி நிறுத்திக்கொண்டார். உதவுவதற்கு இல்லை, வேடிக்கை பார்ப்பதற்கு.

சீமாட்டி இறங்கினாள். பச்சக். ஒரு கால் புதைந்தது. சுண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பச்சக். கால் வெளியே வந்தது. பூட்ஸும் வந்தது. அடுத்த கால். பச்சக். அதுவும் வந்தது. அக்கரையில் சுண்டு இறங்கி, இரண்டு பூட்ஸையும் கழற்றி, சகதியைக் கழுவி, மறுபடி மாட்டினாள். லாடக்காரர் நான்கு முறை பெருமூச்சு விட்டார். சீமாட்டியே திரும்பிப் பார்த்தாள். பெருமூச்சு அவளுடைய சொத்து அல்லவா.

இரண்டாவது சோதனையும் தாண்டியது. அதன் பிறகு வந்தது பல்வரிசை.

மலைச்சரிவில் மூன்று கிலோமீட்டர், ராட்சசன் வாயைத் திறந்து வைத்த மாதிரி கூர்கூராகக் கல். போன வருடம் சீமாட்டி நின்றுபோன இடம் இதுதான். அவளுக்கும் அது நினைவில் இருந்தது. முதல் கல்லைக் கண்டதும் நின்றாள். காது பின்னால் போனது.

சுண்டு உதைக்கவில்லை, அதட்டவில்லை. கடிவாளத்தைத் தளர்த்திவிட்டுக் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். சீமாட்டி ஒரு காலைக் கல்லின் மேல் வைத்தாள், வலிக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு. வலிக்கவில்லை. சந்தேகமாக இன்னொரு காலை வைத்தாள். அதுவும் வலிக்கவில்லை. அப்படியே நின்று யோசித்தாள். பிறகு இரண்டு காதையும் முன்னால் நீட்டிக்கொண்டு, பல்வரிசை தன் வீட்டுக் கூடம் என்பதுபோல நடக்க ஆரம்பித்தாள்.

சுண்டு வாய்விட்டுச் சிரித்தாள். லாடக்காரர் கொஞ்சம் பின்தங்கியிருந்ததால் சீமாட்டியிடமே, "பாத்தியா, பாத்தியா" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

பாதி தூரம் போயிருப்பார்கள். பின்னாலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். இரும்பு ஒன்று கல்லில் பட்டு உருளுகிற சத்தம்.

புல்டோசரின் பின்னங்கால் லாடம் ஒன்று சரிவில் உருண்டு போய்க்கொண்டிருந்தது.

லாடக்காரர் இறங்கிக் காலைத் தூக்கிப் பார்த்தார். ஆணி பிய்த்துக்கொண்டு வந்ததில் குளம்பின் ஓரம் சில்லு பெயர்ந்திருந்தது. புல்டோசர் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே இல்லை. நுனியில் தொட்டுக்கொண்டு நின்றான்.

விஷயம் இதுதான். அந்த வாரம் முழுக்க நெடுஞ்சவாரிக்காகப் பதினோரு குதிரைகளுக்குப் புது லாடம் அடித்திருந்தார் அவர். தன் குதிரைக்கு நாளைக்கு அடிக்கலாம், நாளைக்கு அடிக்கலாம் என்று எட்டு வாரப் பழைய லாடத்தோடேயே வந்துவிட்டார். சுத்தியலும் ஆணியும் வீட்டில். கையோடு கொண்டுவந்தால் வழியெல்லாம் யாராவது கூப்பிடுவார்கள் என்று வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்தாராம்.

அவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். அந்த இரும்பு மனிதரின் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"என்னால உன் சவாரியும் போச்சு பாப்பா," என்றார்.

சுண்டு கணக்குப் போட்டுப் பார்த்தாள். முடிவிடத்தில் புல்வெளிக்காரர் இந்நேரம் வந்து காத்திருப்பார். பல்வரிசை இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் மிச்சம். சீமாட்டி நன்றாக இருக்கிறாள். அவளால் முடியும். ஆனால் புல்டோசர் நின்றால் அவளும் நிற்க வேண்டும்.

அவள் சேணப்பையைத் திறந்து அந்த மூன்றாவது பூட்ஸை வெளியே எடுத்தாள்.

லாடக்காரர் பார்த்தார். "அது உன்னோடது. உன் பூட்ஸ் ஒண்ணு வழியில போனா என்ன பண்ணுவ?"

"போகாதுண்ணே," என்றாள் சுண்டு. "அளந்து வாங்கினது."



சுண்டு சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்துப் புல்டோசரின் பின்குளம்பை அளந்தாள். பின்னங்கால் குளம்பு முன்னங்காலைவிடக் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். பூட்ஸுக்கு அது மூன்று மில்லிமீட்டர் சின்னதாக இருந்தது. மருந்துப்பையில் கிடந்த துணி ஒட்டுப்பட்டையை எடுத்தாள். பெயர்ந்த ஓரத்தை என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் லாடக்காரர் சொரசொரப்பான கல் ஒன்றைப் பொறுக்கி வந்து, அரத்தால் ராவுவதுபோல ராவி வழவழப்பாக்கிவிட்டார். என்ன இருந்தாலும் தொழில்காரர்.

அவர் காலைத் தூக்கிப் பிடித்தார். சுண்டு குளம்பைச் சுற்றி ஒட்டுப்பட்டையை இரண்டு சுற்று சுற்றினாள்.

"ஆட்டாம பிடிங்கண்ணே."

"ஆட்டுறது நான் இல்ல. இவன்தான்."

"அவன்கிட்ட சொல்லுங்க."

ஊரில் இருக்கிற குதிரைக்காரர்களை எல்லாம் அதட்டுகிற லாடக்காரர், "டேய், ஆட்டாத. பாப்பா சொல்லுதில்ல," என்று பணிவாகச் சொன்னார். பூட்ஸ் ஏறியது. பட்டையைச் சுண்டு இழுத்து மாட்டி, முறுக்கிப் பார்த்தாள். திரும்பவில்லை.

புல்டோசர் பின்னங்காலைக் கோழி மாதிரி ஒருமுறை தூக்கி உதறினான். பிறகு நடந்தான். டக், டக், டக், தொப். டக், டக், டக், தொப்.

பின்னால் வந்த ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார். "சிரிக்கட்டும்," என்றார் லாடக்காரர். "அவன் குதிரைக்கும் நான்தான் லாடம் அடிக்கிறேன். ஞாபகம் வச்சுக்கறேன்."

இருபத்தைந்து நிமிடம் போய்விட்டிருந்தது. பல்வரிசை முடிந்து மண்பாதை வந்ததும் இருவரும் குதிரைகளை மெல்ல ஓடவிட்டார்கள். ஏற்றம் வந்த இடத்தில் சுண்டு இறங்கிக் கூடவே ஓடினாள், சீமாட்டிக்குப் பாரம் குறையட்டும் என்று. அதைப் பார்த்து லாடக்காரரும் இறங்கி ஓடினார். அவர் ஓடி யாரும் அதுவரை பார்த்ததில்லை. இதைப் பார்த்தது சுண்டு மட்டும்தான் என்பதில் எங்கள் தெருவுக்கு இன்றுவரை மனக்குறை.

முடிவிடத்தில் தெருவே திரண்டிருந்தது. சித்தி ஊன்றுகோலோடு கயிற்றோரம் நின்றார். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அதன் கண்ணாடியையே தேய்த்துவிடுவார் போலிருந்தது. பன்னிரண்டே முக்கால். யாரும் பேசவில்லை. எங்கள் தெருவில் நாற்பது பேர் சேர்ந்து நின்று யாரும் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கு மரங்களுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. டக், டக், டக், தொப். அதற்கு முன்னால், இரண்டு காதையும் நீட்டிக்கொண்டு, சீமாட்டி.

கைதட்டல் முடிந்தும் வேலை முடியவில்லை. சீட்டு டாக்டரம்மாவிடம்தானே இருக்கிறது? அரை மணி நேரம் குதிரைகளை நிழலில் நிறுத்தி ஆறவிட்டார்கள். பிறகு டாக்டரம்மா சீமாட்டியின் நெஞ்சில் கருவியை வைத்து இதயத்துடிப்பை எண்ணினார். நிமிடத்துக்கு அறுபத்து நாலைத் தாண்டக் கூடாது. ஐம்பத்தெட்டு. சரளைக்கல் தரையில் ஓட்டிக் காட்டச் சொன்னார். சுண்டு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட, சீமாட்டி பின்னாலேயே ஓடினாள். நான்கு காலும் ஒரே சீர்.

"பூட்ஸைக் கழற்று," என்றார் டாக்டரம்மா.

சுண்டு கழற்றினாள். கம்பளிக் காலுறைத் துண்டுகளும் வந்தன. டாக்டரம்மா குந்தி உட்கார்ந்து, குதிகாலில் ரோமத்தை விலக்கிப் பார்த்தார். புண் இல்லை. சிவப்புகூட இல்லை. குளம்பைத் தூக்கி அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். சீமாட்டி அசையவில்லை, கொட்டாவி விட்டாள்.

"போன வருஷம் நொண்டினது இதே குதிரைதானே?"

"இதே குதிரைதான் டாக்டர்."

"குளம்பு மட்டும் புதுசா?"

"அதே குளம்புதான் டாக்டர். அளவுதான் புதுசு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆனால் சீட்டை எழுதும்போது அவருடைய உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சுண்டுவின் கையில் கொடுத்தார்.

அடுத்தது புல்டோசர். டாக்டரம்மா அவனைச் சுற்றி வந்து பின்னங்காலுக்கு அருகில் நின்றார். இது என்ன என்று கேட்டார்.

லாடக்காரர் தொண்டையைக் கனைத்தார். தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"செருப்பு," என்றார்.

அவனுக்கும் சீட்டு கிடைத்தது. அந்தப் பதிலுக்கு எழுந்த சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. லாடக்காரரும் அதில் சேர்ந்துகொண்டார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அது மட்டுமில்லை, சிரிப்போடு சிரிப்பாகச் சுண்டுவின் அருகில் வந்து, புல்டோசரின் மற்ற மூன்று காலையும் எப்போது அளக்க வருவாய் என்றும் கேட்டார். நீங்கள் சீவுகிற நாளைச் சொல்லுங்கள், அன்றைக்கு வருகிறேன் என்றாள் சுண்டு.

புல்வெளிக்காரர் குதிரை ஏற்றுகிற லாரியை மைதான ஓரத்தில் நிறுத்திவிட்டு, பின்பலகையைக்கூட இறக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. சித்தி ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி அவரிடம் போனார்.

"ஏத்திடலாமா?" என்று கேட்டார் அவர்.

சித்தி சீட்டை அவருக்குக் காட்டினார். ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். "ஏத்துங்க. இந்தப் பிள்ளையையும் சேத்து ஏத்துங்க. ரெண்டு பேரும் களைச்சுப் போயிருக்காங்க. எங்க தெருவுல இறக்கி விட்டுடுங்க."

புல்வெளிக்காரர் சீட்டைப் பார்த்தார், சுண்டுவைப் பார்த்தார், சீமாட்டியைப் பார்த்தார். முன்னால் ஏறி, ஆறு மணி நேரத் திசையிலிருந்து எங்கள் தெருத் திசைக்கு வண்டியைத் திருப்பினார்.

லாய வாசலில் பலகை இறங்கியது. சீமாட்டி பல்லக்கில் வந்தவளைப் போல ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கினாள். கூடியிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தாள். நேராகத் தன் இடத்துக்குப் போய் நின்று, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.